ஐப்பசி, முனிர்கா

தெருமுனை ஏழிலைப்பாலை பூத்துவிட்டது.
மாலை ஆறு மணிக்கெல்லாம் சந்து முழுக்க அந்த வாசம்,
இனிப்பு கெட்டுப்போனால் வருமே, அப்படி.
காய்கறிக்காரர் முகத்தில் கைக்குட்டை.
எனக்கு ஒரே கவலை:
இனிமேல் தும்மினால்
அது மரமா, சளியா என்று
யார் சொல்வார்?

மாடி அறையில் நீ.
உன் அடிவயிற்றின் வலப்பக்கம்
உன் அக்காவின் சிறுநீரகம்
எட்டு வாரமாக வேலை பார்க்கிறது.
அதை உன் உடம்பு
"யார் நீ" என்று கேட்டுவிடக் கூடாதாம்.
அதற்குத்தான் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும்
காவல்காரனைத் தூங்கவைக்கும் மாத்திரை.
காவல்காரன் தூங்குகிற வீட்டில்
கதவருகே உட்கார
ஆள் வேண்டும் அல்லவா.

உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ் கம்பியை முழங்கையால் பிடிக்கிறேன்.
சாவியைச் சோப்பில் கழுவுகிறேன், ஒருமுறை
சில்லறையையும்.
புடவையை வாளியில் போட்டுக் குளித்த பிறகுதான்
உன்னிடம் "என்ன சாப்பிட்டே?"
கீழ்வீட்டு பிம்லா தீபாவளித் தட்டோடு வந்தபோது
இரண்டு படி கீழேயே நிறுத்தி
வாங்கிக்கொண்டேன்.
அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.
சரி.

அண்ணி கூரியரில் அனுப்பிய தூதுவளைப் பொடி.
உனக்கு எந்த மூலிகையும் ஆகாது என்று டாக்டர்.
எனக்கு மட்டும் ரசம் வைத்தேன்.
நீ கதவோரம் நின்று
வாசனையை மட்டும் சாப்பிட்டாய்.

ஆனால் எனக்கு இரண்டாம் வகுப்பு.
முப்பத்தெட்டு மூக்குகள்.
ஐப்பசி பிறந்தால் முப்பத்தெட்டும் ஒழுகும்.
கார், கூதிர் என்று பலகையில் எழுதினேன்.
கூதிர்னா என்ன டீச்சர்?
வாடை வீசுகிற காலம்.
"பட்டாசு வாடையா?" என்றான் பரிதி.
தில்லியில் அதுவும் சரிதான்,
மார்க் போட்டேன்.
ஜன்னலைத் திறந்தால் புகை,
மூடினால் ஒருவர் மூச்சில் ஒருவர்.
பாதி திறந்து வைத்தேன்.
இந்த மாதம் எந்த முடிவும் பாதிதான்.

வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில்
அமுதினி எழுந்து வந்தாள்.
கண் சிவந்து, கன்னம் கொதித்து,
முகக்கவசம் ஒரு காதில் தொங்க.
தள்ளி நில் என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் என் மடியில் முகத்தை வைத்துவிட்டாள்.
அவள் அப்பா குர்கானிலிருந்து வர
ஒன்றரை மணி நேரம்.
ஒன்றரை மணி நேரமும்
என் முந்தானையில் மூக்கைத் துடைத்தபடி தூங்கினாள்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதலில் மேஜைமேல் வைத்திருந்தேன்.
பிறகு அவள் தலைமேல்.

அன்றிலிருந்து பால்கனியில் படுக்கை.
கம்பளி, காதுக்குல்லா,
காற்றின் மாசு முந்நூற்று நாற்பது.
தட்டைக் கதவருகே வைத்துத் தட்டுவேன்,
நான் விலகிய பிறகு நீ எடுப்பாய்.
"ஜெயில் மாதிரி இருக்கு" என்றாய்.
யார் உள்ளே, யார் வெளியே
என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் ஒன்றுமில்லை.
தெர்மாமீட்டரில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

இன்று விடிகாலை நாலரைக்குக்
காற்று திரும்பியது.
மரம் முழுதும் என் மூக்கில் ஏறியது.
நாக்கால் அண்ணத்தை அழுத்தினேன்,
முழங்கைக்குள் முகத்தைப் புதைத்தேன்.
வந்தே விட்டது.

தூங்குகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
"நூறு" என்றாய்.

இன்னொன்று.

"இருநூறு."

கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்றா, நாலா என்று
வாரமெல்லாம் ஒரு புள்ளிக்குக் காத்துக் கிடப்பவன்
எனக்கு வயதை
இப்படி அள்ளிப் போடுகிறாய்.

மரம்தான், என்றேன் கதவிடம்.

மூன்றாவது வருமா என்று
இருவரும்
காத்திருந்தோம்.